எபிசோட்: மலைக்கு மேல தண்ணி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும் – அபர்வான் என்கிற ஊரின் கதை

இன்னைக்கு ஒரு சின்ன ஊரைப் பத்திப் பேசப் போறோம். சவுத் வேல்ஸ்ல, ஒரு மலைச்சரிவுல இருக்கற ஊர். பேரு அபர்வான். ஆங்கிலத்துல எழுதும்போது நடுவுல 'எஃப்' வரும். ஆனா வெல்ஷ் மொழியில ஒத்தை எஃப் வந்தா அது 'வ'. முதல் தடவை போனப்ப நான் 'அபர்ஃபான்'னு சொல்லி, ரயில்ல பக்கத்து சீட்டுல இருந்த பாட்டி ரொம்ப மரியாதையா திருத்தினாங்க.

உங்கள்ல சிலருக்கு இந்தப் பேர் 'தி கிரவுன்' தொடர் வழியா தெரிஞ்சிருக்கும். மூணாவது சீசன்ல ஒரு முழு எபிசோடே இதுதான். அதுல கேள்வி, ராணி ஏன் லேட்டா வந்தாங்க, அழுதாங்களா இல்லையா என்பதுதான். நான் அதைப் பத்திப் பேசப் போறதில்லை. எனக்கு அந்த மலைதான் முக்கியம். அந்த மலையில தண்ணி எங்கே வருதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருந்தும், ஏன் அது யாரோட வேலையாவும் ஆகலைங்கறதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஆன்சைட்டுக்காக கார்டிஃப்ல சில மாசம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, வடக்கே மெர்தர் டிட்ஃபில் போற ரயில்ல ஏறினேன். சுமார் ஒரு மணி நேரப் பயணம். டாஃப் ஆறு கூடவே வருது. ரெண்டு பக்கமும் மலை நெருங்கிக்கிட்டே வரும். மெர்தர் வேல்னு ஒரு ஸ்டேஷன். இறங்கினா ஆத்துக்குக் கிழக்குக் கரையில இருப்பீங்க. எதிர்க்கரையில, மலை அடிவாரத்துல தொடங்கி மேல ஏறிப் போற வரிசை வீடுகள்தான் அபர்வான். மெர்தர் நகரத்துல இருந்து தெற்கே ஆறு கிலோமீட்டர் மாதிரி.

இப்ப கொஞ்சம் நிலவியல் பேசுவோம். போர் அடிக்காது, கதையே இதுலதான் இருக்கு.

அங்கே பள்ளத்தாக்கு ரொம்பக் குறுகல். ஊருக்கு மேற்கே நிக்கிற மலை பேரு மெர்தர் மலை. அது மணற்பாறை. மணற்பாறையில நிறைய விரிசல் இருக்கும். வேல்ஸ்ல மழைக்குப் பஞ்சமே இல்லை. பெய்யற மழை பாறைக்குள்ள இறங்கி, வழி கிடைக்கிற இடத்துல சரிவுல ஊற்றா வெளியே வரும். சரிவோட மேல்பக்கத்துல பழைய பனிப்பாறைகள் விட்டுட்டுப் போன களிமண் படலம் இருக்கு. அது தண்ணியைச் சட்டுனு விடாது. அதனால அடியில இருக்கற பாறையில தண்ணி அழுத்தத்தோட நிக்கும்.

இந்த ஊர்ப் பேர்லயே தண்ணி இருக்கு பாருங்க. 'அபர்'னா ஒரு ஓடை பெரிய ஆத்தோட வந்து கலக்கற இடம். நம்ம ஊர்ல கூடுதுறைன்னு சொல்றோமே, அது மாதிரி. ஃபான் ஓடை டாஃப் ஆத்துல கலக்கற இடம், அபர்வான். இந்த மலையில இருந்து தண்ணி இறங்கும்னு ஊருக்குப் பேர் வெச்சவங்களே சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க.

இனி வரலாறு. 1869 வரைக்கும் அங்கே பெருசா ஒண்ணும் கிடையாது. ரெண்டு குடிசை வீடு, ஒரு சத்திரம். பக்கத்து விவசாயிகளும், மெர்தர்ல இருந்து கார்டிஃப் வரைக்கும் ஓடின கால்வாய்ல படகு ஓட்டறவங்களும் வந்து போற இடம். 1869 ஆகஸ்ட்ல ஜான் நிக்ஸன்னு ஒரு முதலாளி, ஆத்தங்கரையில சுரங்கம் வெட்ட ஆரம்பிக்கிறார். நிலக்கரி வெளியே வர 1875 ஆயிடுச்சு. அதுதான் மெர்தர் வேல் சுரங்கம். அதுக்கப்புறம் வீடு, கடை, சர்ச், பள்ளிக்கூடம்னு எல்லாம் சுரங்கத்தைச் சுத்தி முளைச்சது. 1966 வாக்குல சுமார் 5,000 பேர். பெரும்பாலான வீட்டுல யாராவது ஒருத்தர் சுரங்கத்துல.

1947 ஜனவரி 1-ம் தேதி பிரிட்டன்ல நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமை ஆச்சு. தேசிய நிலக்கரி வாரியம் முதலாளி ஆனது. தொழிலாளிங்க பல தலைமுறையா கேட்ட விஷயம் அது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்தக் கதையில வில்லன் லாபவெறி பிடிச்ச தனியார் கம்பெனி இல்லை. தொழிலாளிகளே கேட்டு வாங்கின, மக்களோட சொந்த நிறுவனம்.

சுரங்கத்துல நிலக்கரி மட்டும் வராது. கல், மண், சாம்பல், கழுவும்போது வர்ற கரிச்சேறு, எல்லாம் சேர்ந்து வரும். இதை எங்கேயாவது கொட்டணும். முதல்ல பள்ளத்தாக்கோட தரையிலயே கொட்டினாங்க. முதல் உலகப் போர் சமயத்துல அங்கே இடம் தீர்ந்துடுச்சு. அப்புறம் தள்ளுவண்டித் தண்டவாளம் போட்டு மலைமேல ஏத்திக் கொட்ட ஆரம்பிச்சாங்க. ஒரு மேடு பெருசானதும் அடுத்த மேடு. மொத்தம் ஏழு. எல்லாம் ஊருக்கு நேர் மேல.

ஏழாம் நம்பர் மேடு 1958-ல ஆரம்பிச்சது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி மண் பரிசோதனை எதுவும் நடக்கலை. அந்த மேட்டுக்கு அடியில ஊற்று இருந்தது. இது ரகசியம் இல்லை. அரசு வரைபடத்துலயே நீர்வழி போட்டிருந்தது. அந்த ஊர்ப் பசங்க மலைமேல விளையாடப் போறப்ப அந்தத் தண்ணியைப் பார்த்தவங்க.

இப்ப ஒரு முக்கியமான கேள்வி. அந்த மேடு யாரோட பொறுப்பு? இதைப் படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழிவைக் கொண்டு போறது தண்டவாளம், இழுவைக் கயிறு, கிரேன். அது எல்லாம் மெஷின். அதனால மேடு மெக்கானிக்கல் என்ஜினியர் கையில இருந்தது. மண்ணு, தண்ணி, சரிவு தெரிஞ்ச சிவில் என்ஜினியருக்கு அதுல தினசரி வேலை கிடையாது. அன்னைக்கு இருந்த சுரங்கச் சட்டத்துல மேடு உறுதியா நிக்குதான்னு பார்க்கச் சொல்லி ஒரு விதியும் இல்லை. கொட்டற மெஷினுக்கு ஓனர் இருந்தாங்க. கொட்டின மலைக்கு ஓனர் இல்லை.

இது நடக்கும்னு யாருக்கும் தெரியாதா? வரிசையா சொல்றேன், கேளுங்க.

1939 டிசம்பர்ல, அதே பள்ளத்தாக்குல, கொஞ்சம் தெற்கே சில்ஃபினித்னு ஒரு ஊர்ல இதே மாதிரி கழிவுமேடு ஒண்ணு சரிஞ்சு ரோட்டை மூடுச்சு. அதுக்கப்புறம் ஒரு என்ஜினியர், மேடுகள் ஏன் சரியுது, எங்கே கொட்டக்கூடாதுன்னு ஒரு குறிப்பே எழுதினார். 1944-ல அபர்வான்லயே நாலாம் மேடு சரிஞ்சது. வீடு வரைக்கும் வராததால யாரும் சாகலை. 1963-ல ஏழாம் மேடே ரெண்டு தடவை அசைஞ்சது.

அதே 1963 ஜூலையில, மெர்தர் நகராட்சி என்ஜினியர் ஒருத்தர் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதறார். பேன்ட்க்ளாஸ் பள்ளிக்குப் பின்னால கொட்டற கரிச்சேறு ஆபத்துங்கறதுதான் அதோட தலைப்பே. சப்ஜெக்ட் லைன்லயே ஆபத்து, பள்ளிக்கூடம், ரெண்டும் இருக்கு. 1964 ஜனவரியில கவுன்சிலர் க்வினெத் வில்லியம்ஸ், அந்த மேடு நகர்ந்தா பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் ஆபத்துன்னு கூட்டத்துல பேசறாங்க. பள்ளிக்கிட்ட தண்ணி தேங்குதுன்னு அம்மாக்கள் மனு கொடுக்கறாங்க. 1965-ல நகராட்சியும் வாரியமும் உக்காந்து பேசி, அடைச்சுக்கிட்ட வடிகாலைச் சரி பண்றோம்னு வாரியம் ஒத்துக்குது. 1966 அக்டோபர் வரைக்கும் ஒண்ணும் நடக்கலை. 1965-ல இன்னொரு சுரங்கத்துல மேடு சரிஞ்சதும், எல்லா மேட்டையும் சோதிக்கச் சொல்லி உள்ளுக்குள்ள உத்தரவும் போச்சு. ஏழாம் மேட்டுக்கு உருப்படியான சோதனை நடக்கலை.

ஐடியில இருக்கறவங்களுக்கு இந்த லிஸ்ட் பழகின மாதிரி இருக்கும். நான் முன்னாடி இருந்த ஒரு டீம்ல தினமும் காலையில ஒரு அலர்ட் வரும். யாரோ ஒருத்தர் அதுக்கு 'தெரிஞ்ச பிரச்சினை'ன்னு லேபிள் ஒட்டிட்டார். அதுக்கப்புறம் யாரும் அதைத் திறந்தே பார்க்கலை, நானும்தான். ஒருநாள் அதுவே சர்வரைக் கீழே தள்ளுச்சு. எங்களுக்கு நாலு மணி நேரம் வெப்சைட் போச்சு, அவ்வளவுதான். ஒப்பிடவே கூடாது. ஆனா 'தெரிஞ்ச பிரச்சினை'ங்கற வார்த்தை எனக்கு அன்னையில இருந்து பயம். தெரிஞ்சிருக்குங்கறதையே ஒரு வேலை முடிஞ்ச மாதிரி நாம எடுத்துக்கிறோம்.

சரி. 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை.

அந்த மாசம் முதல் மூணு வாரத்துல சுமார் 170 மில்லிமீட்டர் மழை. மேடு அப்போ 34 மீட்டர் உயரம், சுமார் 2,27,000 கன மீட்டர் கழிவு. காலையில ஏழரை மணிக்கு மேல போன தொழிலாளிங்க, உச்சி மூணு மீட்டர் கிட்ட உள்வாங்கியிருக்கறதையும், தண்டவாளம் பள்ளத்துல விழுந்து கிடக்கறதையும் பார்க்கறாங்க. மேல இருந்த டெலிஃபோன் கம்பியை யாரோ திருடிட்டுப் போயிருந்தாங்க. அதனால ஒருத்தர் நடந்தே கீழ இறங்கி சுரங்கத்துக்குச் சொல்லப் போறார். மேற்பார்வையாளரோட திரும்பி வர்றார். இன்னைக்கு இங்கே கொட்ட வேண்டாம், அடுத்த வாரம் வேற இடம் பார்க்கலாம்னு முடிவாகுது.

கீழே ஊர்ல அடர்ந்த மூடுபனி. மேல வெயில். மேல நின்னவங்களுக்குப் பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சு மூடின மாதிரி தெரியும், அடியில ஊர் தெரியாது. ஊர்ல இருந்தவங்களுக்கு மலை தெரியாது.

பேன்ட்க்ளாஸ் தொடக்கப்பள்ளியில அரைப்பருவ விடுமுறைக்கு முந்தின நாள். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு வாரம் லீவு. பசங்க வகுப்புக்குள்ள போய் உக்கார்ந்து சில நிமிஷம்தான் ஆகியிருந்தது. சரியா 9:15-க்கு மேடு கிளம்புச்சு.

இங்கே ஒரு நிமிஷம் இயற்பியல். ஒரு மண்மேடு சரிஞ்சா பக்கத்துல குவிஞ்சு நிக்கணும்தானே, எப்படி அரை கிலோமீட்டருக்கு மேல ஓடி வரும்? மெரினாவுல அலை வந்து போற ஈரமணல்ல நின்னு காலால மிதிச்சுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? கெட்டியா இருந்த மணல் கொழகொழன்னு ஆகி கால் உள்ள போகும். மணல் துகள்கள் ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கிட்டு நிக்குது. நடுவுல இருக்கற தண்ணிக்கு வெளியே போக நேரம் கிடைக்கலைன்னா, எடை துகள்ல இருந்து தண்ணிக்கு மாறிடும். அந்த நொடியில மணல் திடப்பொருள் இல்லை, திரவம். ஏழாம் மேட்டுல நைஸான கரித்துகள் நிறைய. அடியில ஊற்று, மேல மழை. முதல்ல அடிப்பகுதி வழுக்கி நகர்ந்தது. அந்த அசைவுலயே மீதி திரவமா மாறுச்சு. 1,00,000 கன மீட்டருக்கும் மேல சரிஞ்சது. ஆறு முதல் ஒன்பது மீட்டர் உயர அலையா, மணிக்கு 17-ல இருந்து 34 கிலோமீட்டர் வேகத்துல இறங்குச்சு. வழியில குடிதண்ணிக் குழாய்களை உடைச்சு, அந்தத் தண்ணியும் சேர்ந்துக்கிச்சு. பள்ளியையும் பக்கத்து மாய் ரோடு வீடுகளையும் மூடிட்டு நின்னப்ப, திரும்பவும் கெட்டியாகிடுச்சு. தோண்டினவங்களுக்கு அதுதான் கொடுமை.

செய்தி கேட்டதும் சுரங்கத் தொழிலாளிங்க மேல ஏறி வந்து, சொந்தப் பிள்ளைங்களைத் தேடித் தோண்டினாங்க. பதினோரு மணிக்கு அப்புறம் யாரையும் உயிரோட எடுக்க முடியலை. மொத்தம் 144 பேர். அதுல 116 குழந்தைங்க. பெரும்பாலும் ஏழுல இருந்து பத்து வயசு. பள்ளியில மதிய உணவு வேலை பார்த்த நான்ஸி வில்லியம்ஸ், அஞ்சு பசங்க மேல கவிழ்ந்து படுத்து அவங்களைக் காப்பாத்தினாங்க. அவங்க பிழைக்கலை.

அந்த டெலிஃபோன் கம்பி மட்டும் இருந்திருந்தா என்று நிறைய பேர் நினைச்சாங்க. விசாரணையில அதையும் பார்த்தாங்க. சரிவு வந்த வேகத்துக்கு ஃபோன் இருந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு முடிவு. அதாவது அன்னைக்குக் காலையில செய்யறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லை. செய்ய வேண்டியது எல்லாம் 1958-லயும் 1963-லயும்.

வாரியத்தோட தலைவர் ராபன்ஸ் பிரபு, தகவல் வந்த பிறகும் அன்னைக்கு வரலை. சர்ரே பல்கலைக்கழக வேந்தரா பதவியேற்கப் போயிருந்தார். அப்புறம் டிவியில, மேட்டுக்கு அடியில யாருக்கும் தெரியாத இயற்கை ஊற்று இருந்ததுதான் காரணம்னு சொன்னார். யாருக்கும் தெரியாதாம். வரைபடத்துல இருக்கு, பசங்களுக்குத் தெரியும், ஊர்ப் பேர்லயே இருக்கு.

மரண விசாரணையில ஒரு தகப்பன் எழுந்து, என் குழந்தை எப்படிச் செத்ததுன்னு எழுதறப்ப நிலக்கரி வாரியம் உயிரோட புதைச்சதுன்னு எழுதுங்கன்னு கேட்டார்.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில விசாரணை ஆணையம் 76 நாள் உக்கார்ந்தது. 136 சாட்சிகள். வாரியம் கடைசி வரைக்கும் இழுத்தடிச்சது. முடியப் போற நாட்கள்லதான் ராபன்ஸ் வந்து, தப்பு எங்களோடதுதான்னு ஒத்துக்கிட்டார். 1967 ஆகஸ்ட்ல அறிக்கை. பழி முழுக்க வாரியத்து மேல. ஆனா இது கெட்ட எண்ணத்தோட நடந்த கதை இல்லை. அறியாமை, திறமையின்மை, ஒருத்தருக்கொருத்தர் தகவல் போகாததுங்கறதுதான் அவங்க முடிவோட சாரம். வாரியத்து ஆட்கள் ஒன்பது பேர் பேரும் அறிக்கையில வந்தது. ஒருத்தர் மேலயும் வழக்கு இல்லை. ஒருத்தருக்கும் வேலை போகலை. ராபன்ஸ் கொடுத்த ராஜினாமாவை அரசு ஏத்துக்கலை. இன்னொரு விஷயம் கேளுங்க. 1970-ல பிரிட்டனோட தொழிற்சாலைப் பாதுகாப்பை ஆராய ஒரு குழு போட்டாங்க. தலைவர் யாரு? அதே ராபன்ஸ்.

இனி பணம். இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

ஒரு குழந்தைக்கு வாரியம் முதல்ல கொடுக்க முன்வந்தது 50 பவுண்டு. அப்புறம் 500. உலகம் முழுக்க இருந்து ஜனங்க அனுப்பின நிதி 16 லட்சம் பவுண்டுக்கும் மேல சேர்ந்தது. ஊர்க்காரங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. மிச்ச மேடுகளை அகற்றுங்க, தினமும் அதைப் பார்த்துக்கிட்டு வாழ முடியாது. செலவு அதிகம்னு இழுத்தாங்க. கடைசியில ஊர் ஜனங்க கரிச்சேறை மூட்டையில கட்டிக் கொண்டு போய் அமைச்சகத்துலயே கொட்டினாங்க. அகற்றறோம்னு அரசு ஒத்துக்கிச்சு. ஆனா அந்தச் செலவுல 1,50,000 பவுண்டை, செத்த குழந்தைங்களுக்காக ஜனங்க கொடுத்த நிதியில இருந்து 1968-ல எடுத்துக்கிட்டாங்க.

அதைத் திருப்பிக் கொடுக்க 1997 ஆயிடுச்சு. கொடுத்தது எவ்வளவு? அதே 1,50,000. வட்டி இல்லை, விலைவாசிக் கணக்கு இல்லை. 2007-லதான் வேல்ஸ் அரசு நினைவு அறக்கட்டளைக்கு 15 லட்சமும், கல்வி அறக்கட்டளைக்கு 5 லட்சமும் கொடுத்து அதை ஓரளவு சரி பண்ணுச்சு.

ஒரு நல்லது நடந்தது. 1969-ல கழிவுமேடுகளுக்குன்னே தனிச் சட்டம் வந்தது. மேட்டுக்கு ஓனர் வந்தாங்க. ஆனா அது முக்கியமா ஓடிக்கிட்டு இருக்கற சுரங்கங்களைத்தான் மனசுல வெச்சு எழுதினது. மெர்தர் வேல் சுரங்கமே 1989-ல மூடியாச்சு. வேல்ஸ் முழுக்கச் சுரங்கம் மூடின பிறகு மேடு மட்டும் மிச்சம். 2020 பிப்ரவரியில, புயல் மழையில, டைலர்ஸ்டவுன்னு ஒரு ஊர்ல பழைய மேடு ஒண்ணு சரிஞ்சு ஆத்துக்குள்ள இறங்குச்சு. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அதுக்கப்புறம் எண்ணிப் பார்த்தா, கைவிடப்பட்ட நிலக்கரி மேடுகள் 2,500-க்கும் மேல. இதுக்கான புதுச் சட்டம் 2025-லதான் வந்தது. மழை முன்ன மாதிரி பெய்யறதில்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச காலத்துல.

நான் போன அன்னைக்கும் தூறல்தான். பள்ளி இருந்த இடத்துல இப்ப ஒரு தோட்டம். வகுப்பறை எங்கெங்கே இருந்ததுன்னு காட்டற மாதிரி குட்டைச் சுவர்கள். அங்கிருந்து மேல ஏறினா இடுகாடு. வெள்ளை வளைவுகள் வரிசையா, சரிவு முழுக்க. கீழே ரயில்ல போறப்பவே தெரியும். ஒவ்வொரு கல்லுலயும் வயசு மட்டும் படிச்சுக்கிட்டே நடந்தேன். எட்டு. ஒன்பது. எட்டு. பத்து.

அங்கிருந்து திரும்பி மலையைப் பார்த்தேன். மேடு எதுவும் இல்லை, வெறும் பச்சை. ஒரு வயசான ஐயா நாயோட நடந்து வந்தார். மேடு எங்கே இருந்ததுன்னு கேட்டேன். கைத்தடியைத் தூக்கி மேல காட்டினார். அப்படியே தடியைக் கீழே இறக்கி, ஓடை எப்படி வரும்னு ஒரு கோடு வரைஞ்சு காட்டினார். நான் அதைக் கேட்கவே இல்லை. அவரா காட்டினார்.

அடுத்த தடவை ஆபீஸ்ல ஒரு அலர்ட்டுக்கு 'தெரிஞ்ச பிரச்சினை'ன்னு யாராவது எழுதினா, கீழே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: யாருக்குத் தெரியும், அவர் என்ன பண்ணப் போறார்? நான் இப்ப கேட்கறேன். டீம்ல கொஞ்சம் கடுப்பாதான் பார்க்கறாங்க. பரவாயில்லை.